மேசையில் ஓர் இடம்: காது கேளாத யூதப் பிள்ளைகளுக்கு ஏன் தனி ஏற்பாடு?

சமூகப் பணி படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வி இது. அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் காது கேளாத யூத இளைஞர்களுக்கென்றே பாரம்பரிய வகுப்பு, வார இறுதிக் கூடுகை, முகாம், பயணம் என்று தனியாக நடத்துகிறார்களே, யூதர்களே சிறிய சமூகம், அதற்குள் இவர்கள் இன்னும் சிறிய கூட்டம், அவர்களை எதற்குத் தனியாகப் பிரிக்க வேண்டும்? வழக்கமான நிகழ்ச்சியில் ஒரு சைகை மொழிபெயர்ப்பாளரை நிறுத்தினால் போதாதா?

போதாது. நியூயார்க் பக்கம் சில வருடங்கள் காது கேளாத பிள்ளைகளோடு வேலை பார்த்தவன் நான், அவர்களில் யூதப் பிள்ளைகளும் இருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். பதில் எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை, ஒரு சாப்பாட்டு மேசையில் கிடைத்தது.

பஸ்கா பண்டிகையின் முதல் இரவு விருந்தை ‘சேடர்’ என்பார்கள். எகிப்தில் அடிமைகளாக இருந்து வெளியேறிய கதையைக் குடும்பமாக உட்கார்ந்து வாசித்து, பாடி, கேள்வி கேட்டு, வாதம் செய்து, நடுநடுவே கசப்புக் கீரையும் புளிப்பில்லாத அப்பமும் சாப்பிடும் நீண்ட இரவு அது. கூட வேலை பார்த்த ஒருவர் என்னை வீட்டுக்கு அழைத்திருந்தார். மேசையைச் சுற்றிப் பதினாலு பேர். எனக்கு எதிரே அந்த வீட்டுப் பையன், பதினைந்து வயது, பிறவியிலேயே காது கேளாதவன். உதட்டசைவை நன்றாகப் படிப்பான். ஆனால் பதினாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் மேசையில் எந்த உதட்டைப் படிப்பது? அவன் கண் ஒவ்வொரு வாயாகத் தாவிக்கொண்டே இருந்தது, ஒரு வாயைப் பிடிப்பதற்குள் பேச்சு அடுத்த ஆளுக்குப் போய்விடும். தாத்தா ஏதோ சொன்னார், எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பையன் அம்மாவின் முழங்கையைத் தொட்டு என்ன என்று கேட்டான். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, அப்புறம் சொல்றேன் என்று கையைக் காட்டினார். அந்த அப்புறம் வரவே இல்லை. அம்மா மேல் தப்புச் சொல்ல மாட்டேன், அவர் பாதி நேரம் அடுப்படியில் இருந்தார், மீதி நேரம் மகனுக்குக் கையால் சொல்லிக்கொண்டுதான் இருந்தார், அதற்கு மேல் ஒரு ஆளால் முடியாது. கொஞ்ச நேரத்தில் பையன் தட்டைப் பார்த்துக்கொண்டு அப்பத்தைத் துண்டுதுண்டாக ஒடிக்க ஆரம்பித்தான்.

இத்தனைக்கும் அந்த இரவே பிள்ளைக்காக ஏற்பட்டது. ‘அந்நாளில் உன் பிள்ளைக்குச் சொல்’ என்று வேதம் கட்டளையிடுகிறது, அந்தக் கட்டளையை நிறைவேற்றத்தான் விருந்தே. வீட்டில் இருக்கும் கடைசிப் பிள்ளை எழுந்து, ‘மற்ற இரவுகளிலிருந்து இந்த இரவு ஏன் வேறுபட்டது’ என்று கேட்டால்தான் கதை தொடங்கும். பிள்ளைக்குச் சொல்வதற்கென்றே ஒரு பண்டிகை, அந்த மேசையில் பிள்ளையைத் தவிர எல்லோருக்கும் சொல்லி முடித்தார்கள். காது கேளாத பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள், எந்த மதம், எந்த நாடு என்றாலும், சின்ன வயதில் அதிகம் பார்த்த வார்த்தை எது என்று கேட்டால் ‘அப்புறம் சொல்றேன்’ என்பார்கள்.

காது கேளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். விஷயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. மற்ற சிறுபான்மைகளில் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மொழியும் வழக்கமும் தானாக இறங்கும். இங்கே அப்பா அம்மா யூதர்கள், பிள்ளையும் யூதப் பிள்ளை, ஆனால் நடுவில் ஓடவேண்டிய பேச்சு ஓடாது. மதம் பெரும்பாலும் பாடமாக வருவது கிடையாது, காதில் விழுந்துதான் வருகிறது. பாட்டி முணுமுணுக்கும் ஜெபம், வெள்ளிக்கிழமை இரவுப் பாட்டு, மாமா சொல்லும் பழைய ஊர்க்கதை, இன்ன பண்டிகைக்கு ஏன் இன்ன பலகாரம் என்கிற வம்பு, இவையெல்லாம் யாரும் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பதில்லை. காது கேளாத பிள்ளை சடங்கை மட்டும் பார்க்கும். மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பார்க்கும், அம்மா ஏன் கண்ணை மூடிக்கொள்கிறாள் என்பது தெரியாது.

யூதர்களின் ஆதார ஜெபமே ‘ஷெமா’ என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. இஸ்ரவேலே, கேள். எபிரேயத்தில் அந்த வினைக்குக் காதால் கேட்பது, புரிந்துகொள்வது, சொன்னபடி நடப்பது என்று மூன்று பொருளும் உண்டு. தமிழனுக்கு இதை விளக்கவே வேண்டாம், நம் ‘கேள்’ அப்படியே அதே வேலையைச் செய்கிறது. பாட்டுக் கேட்கிறோம், பெரியவர் சொன்னால் கேட்கிறோம், சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளை என்று திட்டவும் செய்கிறோம். காது கேளாதவர் அந்த ஜெபத்தைச் சைகையில் சொல்லும்போது பலரும் காதைக் காட்டுவதில்லை, ‘கவனி’ என்கிற சைகையைப் போடுகிறார்கள். ஆனால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஷெமா சொல்லும்போது வலது கையால் கண்ணை மூடிக்கொள்வது வழக்கம், மனம் சிதறாமல் இருக்க. கையால் பேசி, கண்ணால் கேட்கும் ஒருவர் அந்த நொடியில் என்ன செய்வார்? ஒரே அசைவில் வாயும் அடைபடுகிறது, காதும் அடைபடுகிறது. மேடை ஓரத்தில் மொழிபெயர்ப்பாளரை நிறுத்திவிட்டால் இதற்கு விடை கிடைக்காது. காது கேளாதவர்களே கூடி உட்கார்ந்து, நாம் இதை எப்படிச் செய்வது என்று பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். தனிக்கூடுகை வேண்டும் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் வரலாறு புரியாது. லேவியராகமம், காது கேளாதவனைச் சபிக்காதே, பார்வையற்றவன் முன்னால் தடுக்கல் போடாதே என்று ஒரே மூச்சில் சொல்கிறது. அது இரக்கம். ஆனால் பின்னால் வந்த மிஷ்னா, தல்மூத் என்ற யூதச் சட்ட நூல்களில் ‘ஹெரேஷ்’ என்று ஒரு வகை உண்டு. கேட்கவும் மாட்டாதவன், பேசவும் மாட்டாதவன் என்று மிஷ்னாவே விளக்கம் தருகிறது. இவரைச் சித்தம் சரியில்லாதவர், சிறுபிள்ளை ஆகியோரோடு சேர்த்து மூன்றாவது ஆளாக வைத்தார்கள். கட்டளைகளைச் செய்யும் கடமை இல்லை, சாட்சி சொல்ல முடியாது, கூட்டு ஜெபத்துக்கு வேண்டிய பத்துப் பேரில் ஒருவராக எண்ணப்படமாட்டார். சைகையால் மணம் முடிக்கலாம், சைகையால் கொடுக்கல் வாங்கல் செய்யலாம் என்று அதே நூல்கள் இடமும் கொடுத்தன, அதையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஊரில் தனியாக, மொழியே கிடைக்காமல் வளர்ந்த ஒருவரைப் பார்த்து எழுதிய விதி அது. மொழி கிடைத்த பிறகும் விதி நகரவில்லை என்பதுதான் வலி.

தல்மூத்திலேயே ஒரு கதை வருகிறது. ராபி (யூத மதகுரு) யூதா வாழ்ந்த பக்கத்தில் வாய் பேசாத இரண்டு பேர் இருந்தார்கள். அவர் பாடசாலைக்குள் போகும்போதெல்லாம் அவர்களும் போய் உட்கார்ந்து, தலையை ஆட்டி, உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார்கள். ராபி அவர்களுக்காக இறைஞ்சினார், பேச்சு வந்தது. வந்தவுடன் பார்த்தால் அவர்களுக்குச் சட்டம் முழுவதும் மனப்பாடம். அந்த இரண்டு பேருக்குக் காது கேட்டது, அதனால் இது நேரடியாக நம் பேச்சுக்குரிய கதை இல்லைதான். ஆனாலும் எனக்கு அது திரும்பத் திரும்ப ஞாபகம் வரும். அறிவு வந்த நாளும் பேச்சு வந்த நாளும் ஒன்றல்ல, அறிவு முன்பே அங்கே உட்கார்ந்திருந்தது, கேட்டுப் பார்க்கத்தான் ஆளில்லை.

‘பேசாதவன்’ என்ற அந்த ஒரு வார்த்தை பின்னால் பெரிய வேலை செய்தது. ஒரு பிள்ளையை எப்படியாவது வாயால் பேச வைத்துவிட்டால் அது ஹெரேஷ் வகையிலிருந்து வெளியே வந்துவிடும். ஆகவே யூதப் பெற்றோருக்கும் பள்ளிகளுக்கும் பேச்சுப் பயிற்சி மேல் தனி ஆசை இருந்ததில் ஆச்சரியம் இல்லை. பிரான்ஸில் 1700களின் நடுவில் காது கேளாத பிள்ளைகளைப் பேச வைத்துப் புகழ் பெற்ற ஜேக்கப் ரோட்ரிக்ஸ் பெரெய்ரா, ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தவர். அவருடைய சகோதரிக்கே காது கேளாது. 1749ல் தன் மாணவனைப் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன்னால் பேச வைத்துக் காட்டினார். 1844ல் இன்றைய செக் நாட்டிலுள்ள நிக்கோல்ஸ்பர்க்கில் ஹிர்ஷ் கோலிஷ் காது கேளாதோருக்காகத் தொடங்கிய யூதப் பள்ளி 1852ல் வியன்னாவுக்கு மாறியது. அங்கே வேலை பார்த்த பெர்ன்ஹார்ட் எங்கல்ஸ்மன் 1864ல் நியூயார்க் வந்து பாடம் எடுக்கத் தொடங்கியதுதான் பிறகு லெக்சிங்டன் காது கேளாதோர் பள்ளி ஆனது. லண்டனில் 1860களில் யூதப் பிள்ளைகளுக்கென்று ஒரு விடுதிப் பள்ளி தொடங்கியது, ஹாலந்திலிருந்து வந்த வில்லியம் வான் பிராக் அங்கே உதட்டசைவு படிக்கும் முறையை நிலைநாட்டினார். 1880ல் காது கேளாதோர் கல்வி பற்றிய மிலான் மாநாடு சைகையை வகுப்பிலிருந்து விலக்கச் சொல்லித் தீர்மானம் போட்டபோது இந்தப் பள்ளிகளில் பல ஏற்கெனவே அந்தப் பாதையில்தான் இருந்தன.

பலன் கலவையானது. எழுதப்படிக்கத் தெரிந்த, தொழில் தெரிந்த ஒரு தலைமுறை வந்தது. வியன்னாப் பள்ளியை நேரில் போய்ப் பார்த்த ராபிகள், இந்தப் பிள்ளைகளை இன்னும் சிறுபிள்ளைக் கணக்கில் வைக்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்தார்கள். இன்னொரு பக்கம் சைகை விடுதியின் மூலைக்குத் தள்ளப்பட்டது. விளக்கணைத்த பிறகு படுக்கைகளுக்கு நடுவில், கழிவறையில், விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் என்று பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தார்கள். வகுப்பில் ஒரு வார்த்தையைச் சரியாக உச்சரிக்க வாரக்கணக்கில் உழைத்த பிள்ளைக்கு, அந்த வார்த்தை எதைப் பற்றியது என்று பேச அந்த மூலைதான் இருந்தது.

இன்றைய பாரம்பரிய வகுப்புகள் எடுத்துச் சொல்லவேண்டிய வரலாறு ஒன்று உண்டு, பல காது கேளாத யூதப் பிள்ளைகளுக்கே அது தெரியாது. 1873ல் மார்க்குஸ் ரைஷ் என்பவர் ஆரம்பித்து, பிறகு பெர்லினின் வைசென்சே பகுதிக்குக் கொண்டுவந்த, காது கேளாதோருக்கான யூதப் பள்ளியின் வரலாறு அது. அவருக்குப் பின் மகன் பீலிக்ஸ் ரைஷ் நடத்தினார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933லேயே ‘பரம்பரை நோய்’ தடுப்பு என்று ஒரு சட்டம் வந்தது, அதன் கீழ் காது கேளாதவர்கள் சுமார் 17,000 பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள் என்பது ஆய்வாளர் ஹோர்ஸ்ட் பீசோல்டின் கணக்கு. இதில் யூதர் அல்லாதவரும் அடக்கம். காது கேளாத யூதர்களுக்கு இரண்டு பக்கமும் அடி. காது கேளாதோர் சங்கங்களே யூத உறுப்பினர்களை வெளியே அனுப்பின, அதுவரை ஒரே மேசையில் சீட்டு விளையாடியவர்கள், ஒரே அணியில் பந்து விளையாடியவர்கள். 1939ல், போர் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், பீலிக்ஸ் ரைஷ் ஒரு சிறு குழுப் பிள்ளைகளை லண்டனுக்கு அழைத்துப் போனார். மீதிப் பிள்ளைகளை அழைத்துவர முடியாமல் போர் குறுக்கே விழுந்தது. 1942ல் அந்தப் பெர்லின் பள்ளிக் கட்டடத்திலிருந்து 146 காது கேளாத யூதர்களைக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அந்த எண் இன்றும் அங்கே பதித்த கல்வெட்டில் இருக்கிறது.

ஒரு பிள்ளைக்கு இதைச் சொல்லும்போது வேறொன்றும் நடக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். வீட்டிலும் பள்ளியிலும் இனப்படுகொலை பற்றிப் படித்திருப்பார்கள், தாத்தாவின் குடும்பக் கதையும் அரைகுறையாகத் தெரிந்திருக்கும். ஆனால் தங்களைப் போலவே கையால் பேசியவர்கள் அதில் இருந்தார்கள் என்பது அவர்களுக்குப் புதிது. பிறகு கேள்விகள் வரும்: சிப்பாய் நில் என்று கத்தினால் அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? இருட்டில் ஒளிந்திருந்தவர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள்? காது கேட்கும் ஆசிரியருக்கு அந்தக் கேள்வி தோன்றவே தோன்றாது. பவேரியாவில் பிறந்து, 1938ல் தாஹாவ் நாஜி வதைமுகாமில் அடைபட்டு, ஷாங்காய்க்குத் தப்பி, 1949ல் அமெரிக்கா வந்து சேர்ந்த காது கேளாத ஓவியர் டேவிட் லுட்விக் பிளாக்கின் படங்களை அந்த வகுப்புகளில் காட்டுவது எனக்குப் பிடிக்கும். அவர் அந்த நினைவுகளை வரைய ஆரம்பித்ததே பல பத்தாண்டுகள் கழித்து. படத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்.

போருக்குப் பிறகு அமெரிக்காவில் காது கேளாத யூதர்களே முன்னால் வந்து அமைப்புகளைக் கட்டினார்கள். 1956ல் காது கேளாத யூதர்களின் தேசிய காங்கிரஸ். 1960ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் டெம்பிள் பெத் சாலமன், காது கேளாதவர்களே தங்களுக்காக ஏற்படுத்திக்கொண்ட ஜெப ஆலயம். 1969ல் பழமைவாத (ஆர்த்தடாக்ஸ்) யூதர்களின் இளைஞர் இயக்கத்திலிருந்து ‘அவர் வே’ என்ற திட்டம், இளைஞர்களுக்கென்றே. 1972ல் சிகாகோ பக்கம் ஸ்கோக்கியில் பெனே ஷாலோம் சபை, ராபி டக்ளஸ் கோல்ட்ஹாமர் காது கேளாதவர்களும் கேட்பவர்களும் சேர்ந்து வழிபடும்படி தொடங்கியது. பின்னாளில் ஆஸ்கர் வாங்கிய நடிகை மார்லி மேட்லின் தன் பாத் மிட்ஸ்வாவை, அதாவது பெண்பிள்ளை மதக் கடமைகளை ஏற்கும் வயதை எட்டும்போது செய்யும் சடங்கை, அங்கேதான் செய்தார். எபிரேயத்தை ஒலி ஒலியாகக் கற்று வாசித்தார். 21 வயதில் அந்த விருதை வாங்கிய பெண்ணுக்குப் பதின்மூன்றிலேயே ஒரு சபைக்கு முன்னால் எழுந்து நிற்கக் கிடைத்திருந்தது என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

இப்போது அந்தத் தம்பியின் மொழிபெயர்ப்பாளர் யோசனைக்கு வருகிறேன். சாதாரண ஜெப ஆலயத்தில் ஒரு காது கேளாத பையனை உட்கார வைத்துப் பாருங்கள். ஜெபத்தை நடத்துபவர் பெரும்பாலும் தோரா, அதாவது வேதச் சுருள், வைத்த பேழையைப் பார்த்து நிற்பார், அதாவது சபைக்கு முதுகு. உதட்டைப் படிக்க வழியில்லை. பழமைவாத ஆலயங்களில், வெள்ளி மாலை தொடங்கி சனி மாலை முடியும் ஓய்வுநாளில் மைக் கிடையாது, மின்சாரத்தை இயக்கக் கூடாது என்பதால். ஆகவே காதுக்கருவி போட்டவருக்கும் முழுசாகக் கேட்காது. கருவியின் பேட்டரி நடுவில் தீர்ந்தால் மாற்றுவதிலும் சிக்கல். சரி, மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தாயிற்று. அவருக்கு ஆங்கிலமும் சைகையும் தெரியும், எபிரேயம் தெரியாது, இன்னொரு பழைய மொழியான அரமேயம் நிச்சயம் தெரியாது. முக்கால்வாசி ஜெபம் அந்த இரண்டில்தான். அவர் பாவம், ‘இப்போது எபிரேயத்தில் பாடுகிறார்கள்’ என்று சைகை காட்டிவிட்டு நிற்பார். அவரே தேர்ந்தவர் என்று வைத்துக்கொண்டாலும், பையனுக்கு இருப்பது இரண்டு கண். ஜெபப் புத்தகத்தைப் பார்த்தால் மொழிபெயர்ப்பாளர் போய்விடுவார், அவரைப் பார்த்தால் பக்கம் எங்கே என்று தெரியாது. காது கேட்கும் நாம் வாசித்துக்கொண்டே கேட்கிறோம், அது எவ்வளவு பெரிய வசதி என்று நினைத்ததே இல்லை.

கூடுகையில் அதே ஜெபம் வேறு மாதிரி நடக்கும். நாற்காலிகள் வரிசையாக இருக்காது, அரை வட்டமாக இருக்கும், எல்லோர் கையும் எல்லோருக்கும் தெரியும்படி. நடத்துபவர் சபையைப் பார்த்து நிற்பார். வரிகளைத் திரையில் போடுவார்கள், அல்லது ஓய்வுநாளுக்கு முன்பே பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருப்பார்கள். எல்லோரும் கண்ணை உயர்த்திய பிறகுதான் அடுத்த வரி. நேரம் பிடிக்கும், யாரும் அவசரப்படுவதில்லை.

வெள்ளிக்கிழமை இரவு விளக்கு விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். பழமைவாத வீடுகளில் ஓய்வுநாள் தொடங்கியபின் சுவிட்சைத் தொடமாட்டார்கள், விளக்கு தானாக அணைய டைமர் வைத்திருப்பார்கள். பத்தரை மணிக்கு விளக்கு அணையும், கேட்பவர்கள் இருட்டிலேயே பாடிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பார்கள், அதுவே ஒரு சுகம் என்பார்கள். காது கேளாத பிள்ளைக்கு அந்த நொடியோடு உலகம் அணைந்தது. ஒரு வார இறுதிக் கூடுகையில் டைமரை இரவு இரண்டு மணிக்கு வைத்திருந்தார்கள். இரண்டு மணிக்கு விளக்கு போனதும் பிள்ளைகள் கூட்டமாகப் படிக்கட்டுக்கு ஓடினார்கள், அங்கே ஒரு விளக்கை விடிய விடிய எரிய விட்டிருந்தார்கள். அதன் அடியில் படிக்கு மூன்று பேராக நெருக்கி உட்கார்ந்து விடியும்வரை பேச்சு. தன் ஊரில், தன் பள்ளியில், தன் ஆலயத்தில் தான் ஒருவன்தான் காது கேளாதவன் என்று வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அன்றைக்கு ராத்திரி அங்கே யாரும் யாருக்கும் அப்புறம் சொல்றேன் என்று சொல்லவில்லை.

சைகைகளே ஒரு பாரம்பரியம். அமெரிக்க சைகை மொழியில் ‘யூதர்’ என்பதற்குத் தாடியை நீவுவது போல் மோவாயிலிருந்து விரல்களைக் கீழே இழுப்பார்கள். பஸ்காவுக்கு முழங்கையை முஷ்டியால் தட்டுவார்கள், மொறுமொறு பிஸ்கட்டுக்கான அதே சைகை, புளிப்பில்லாத அப்பத்துக்காக. பாவநிவாரண நாளுக்கு முஷ்டி நெஞ்சில் தட்டும், அன்றைய பாவ அறிக்கை ஜெபத்தில் செய்வது போலவே. விளக்குப் பண்டிகையான ஹனுக்காவுக்கு இரண்டு கையிலும் நான்கு நான்கு விரல், எட்டுத் திரி. தோராவுக்குச் சுருளை உருட்டும் அசைவு. இவற்றையெல்லாம் ஒரு பொதுப்பள்ளி சைகை ஆசிரியர் கற்றுத்தரமாட்டார், வீட்டிலும் தெரிந்திருக்காது. இன்னொரு காது கேளாத யூதரின் கையிலிருந்துதான் கைக்கு வரும்.

கொம்பு ஊதுவதும் அப்படித்தான். யூதப் புத்தாண்டில் ஆட்டுக்கடாக் கொம்பான ‘ஷோபார்’ ஊதும் சத்தத்தைக் ‘கேட்பது’ கட்டளை, அதற்கான ஆசீர்வாதமே கேட்பதைப் பற்றியது. காது கேளாதோர் கூடும் இடங்களில் சிலர் பலூனை ஊதி இரண்டு உள்ளங்கையால் பிடித்துக்கொள்கிறார்கள், அதிர்வு கைக்கு வரும். சிலர் கொம்பையே தொட்டுக்கொள்கிறார்கள். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி பலூனைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். நீண்ட ஊதல் வந்தபோது கண் அகல விரிந்தது, விட்டு விட்டு வரும் குட்டி ஊதல்களை இன்னொரு கையால் எண்ணிக்கொண்டே இருந்தாள், ஒன்பது என்று அம்மாவிடம் காட்டினாள். சரியான எண்ணிக்கை அதுதான். அப்படிச் செய்தால் சட்டப்படி கட்டளை நிறைவேறியதாகுமா என்று கேட்டால் எல்லா ராபியும் ஒரே பதில் சொல்லமாட்டார்கள். எனக்கு அந்த விரல்களே போதும்.

சட்டமும் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2011ல், பழமைவாதத்துக்கும் சீர்திருத்தத்துக்கும் நடுவில் நிற்கும் அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக் குழு, ராபி பமேலா பார்மாஷ் எழுதிய தீர்ப்பை ஏற்றது: சைகையால் பேசும் காது கேளாதவர் அறிவுத்தெளிவு உள்ளவர், கட்டளைகளுக்குக் கட்டுப்பட்டவர், பத்துப் பேர் எண்ணிக்கையில் சேர்பவர், தோராவுக்கு அழைக்கப்பட்டால் ஆசீர்வாதத்தைச் சைகையிலேயே சொல்லலாம். பழமைவாதப் பிரிவில் ராபிக்கு ராபி கருத்து மாறுகிறது, ஆனால் படித்த, தொடர்புகொள்ளத் தெரிந்தவரை இன்று சிறுபிள்ளைக் கணக்கில் வைக்கப் பலர் தயாராக இல்லை. காது கேளாதவர்களே ராபிகளாகவும் ஆகிவிட்டார்கள். 1993ல் ராபியான ரெபெக்கா டுபோவ், இஸ்ரேலில் ஹபாத் என்ற பழமைவாத யூத இயக்கத்தின் சார்பில் வேலை செய்யும் யெஹோஷுவா சூதகாஃப் ஆகியோர் எடுத்துக்காட்டு. பிள்ளைகளுக்கு இதில் எது முக்கியம் என்று கேட்டால், தீர்ப்பைவிட ஆள்தான். கையால் பிரசங்கம் செய்யும் ஒரு பெரியவரைப் பார்த்த பத்து வயதுப் பையனுக்குத் தீர்ப்பைப் படித்துக்காட்ட வேண்டியதில்லை.

இஸ்ரேலின் கதை கொஞ்சம் வேறு. 1932ல் ஜெருசலேமில் முதல் காது கேளாதோர் பள்ளி வந்தது, ஜெர்மனியிலிருந்தும் பிறகு வட ஆப்பிரிக்கா, கிழக்கு ஐரோப்பா எனப் பல திசையிலிருந்தும் வந்தவர்கள் கலந்ததில் இஸ்ரேலிய சைகை மொழி உருவானது. 1944ல் டெல் அவீவில் அவர்களே சங்கம் அமைத்தார்கள். அல்ஜீரியாவின் கர்தாயாவிலிருந்து வந்த யூதர்கள் தங்கள் ஊரின் பழைய சைகை மொழியையே கையோடு கொண்டுவந்தார்கள். அந்த ஊரில் காது கேட்பவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. இன்று அதைப் பேசுபவர்கள் வயதானவர்கள். இளைஞர்கள் அவர்களிடம் உட்கார்ந்து பழைய சைகைகளைப் படம்பிடித்து வைத்துக்கொள்வதைத்தான் நான் முதல் தரமான பாரம்பரியத் திட்டம் என்பேன். பாட்டி கதையை அந்தப் பிள்ளைகள் பாட்டியின் கையிலிருந்தே வாங்குகிறார்கள்.

இப்போது நிறையப் பிள்ளைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கேள்கருவி, இருக்கிறது, சாதாரணப் பள்ளியில் படிக்கிறார்கள், இனி இதற்கெல்லாம் தேவை இருக்குமா என்று கேட்பார்கள். என் அனுபவத்தில் தேவை கூடித்தான் இருக்கிறது. முன்பு விடுதிப் பள்ளி இருந்தது, அங்கே கூட்டமாவது இருந்தது. லண்டன் பள்ளி 1965ல் மூடியது, மற்ற ஊர்களிலும் பிள்ளைகள் பள்ளிக்கு ஒருவராகச் சிதறிப்போனார்கள். அமைதியான அறையில் ஒருவரோடு ஒருவர் பேச இம்ப்ளாண்ட் நன்றாக உதவும். பதினாலு பேர் மேசையில் அதுவும் திணறும். அந்தப் பிள்ளைகளுக்குச் சைகையும் அரைகுறை, பேச்சுக் கேட்பதும் அரைகுறை என்றாகி, எந்தக் கூட்டத்திலும் ஒட்டாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நல்ல கூடுகையில் இவர்களையும் சைகைக்காரர்களையும் சேர்த்தே உட்கார வைப்பார்கள், ஒரு வாரத்தில் கை தானாக நகர ஆரம்பிக்கும்.

18 வயதுக்கு மேற்பட்ட யூத இளைஞர்களை இலவசமாக இஸ்ரேல் அழைத்துப்போகும் பர்த்ரைட் பயணத்திலும் காது கேளாதோருக்கென்று குழுக்கள் போகின்றன, அமெரிக்க சைகை மொழியிலேயே. பேருந்தில் வழிகாட்டி மைக்கில் பேசிக்கொண்டே போகும்போது ஜன்னலையும் மொழிபெயர்ப்பாளரையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. ஆகவே நல்ல வழிகாட்டி வண்டியை நிறுத்தி, கீழே இறக்கி, சொல்லி முடித்து, பிறகுதான் திரும்பிப் பார்க்கச் சொல்வார். அன்றைய திட்டத்தில் ஒரு இடம் குறையும், குறைந்தால் குறையட்டும்.

எது நன்றாக நடக்கிறது, எது பேருக்கு நடக்கிறது என்று பிரித்துப் பார்க்க நான் பார்ப்பது ஒன்றுதான்: நடத்துபவர்களில் காது கேளாத பெரியவர்கள் எத்தனை பேர். காது கேட்பவர்கள் வருடத்துக்கு ஒரு நாள் ‘ஒருங்கிணைப்பு விழா’ என்று பாட்டுக்குச் சைகை சொல்லிக்கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டால் அது அந்தப் பிள்ளைகளுக்கு நடந்த நிகழ்ச்சி இல்லை. தம்பி, உன் படிப்புக்கு ஆய்வு செய்வதாக இருந்தால் முதலில் இந்தக் கணக்கை எடு. அடுத்து, பெற்றோருக்குச் சைகை வகுப்பு கூடவே நடக்கிறதா என்று கேள். பிள்ளை வார இறுதியில் எல்லாம் கற்று வந்து, வீட்டு மேசையில் மறுபடியும் தட்டையே பார்க்க வேண்டியிருந்தால் என்ன பயன்?

அந்தப் பையன் விஷயத்தில் அது நடந்தது. அம்மாவும் அக்காவும் ஒழுங்காகச் சைகை படித்தார்கள், தாத்தா கூட ஐம்பது அறுபது சைகை கற்றார். இரண்டு வருடம் கழித்து மறுபடி பஸ்காவுக்குப் போனேன். மேசை நீளமாக இல்லை, இரண்டு மேசையைச் சேர்த்து வட்டமாக்கியிருந்தார்கள், நடுவில் இருந்த உயரமான பூச்சாடியை எடுத்திருந்தார்கள். பேச விரும்புபவர் முதலில் கை தூக்க வேண்டும் என்று பையன் விதி போட்டிருந்தான், தாத்தாதான் அடிக்கடி மறந்தார். கடைசிப் பிள்ளை கேட்கவேண்டிய கேள்வியை அவனுடைய சித்தியின் ஏழு வயது மகள் வாயால் கேட்டாள், அவன் எதிரே நின்று கையால் கேட்டான். தாத்தா பதில் சொல்ல ஆரம்பிக்கும் முன் விளக்கைக் கொஞ்சம் தன் முகத்துப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.